முதல் வேலைக்கு ஆன்லைனில் அப்ளை செய்யும் எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சித்தி மகள் போனும் கையுமாக வீட்டுக்கு வந்தாள். கோவையில் ஒரு கம்பெனிக்கு அப்ளை செய்துகொண்டிருந்தவள் பாதியில் மாட்டிக்கொண்டிருந்தாள். "அண்ணா, பத்தாவதுல எத்தனை பர்சன்டேஜ்னு கேக்குது. நான் என்னத்தப் போட?" அவள் படித்தது பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் மீடியம், கேரளா எஸ்எஸ்எல்சி. எஸ்எஸ்எல்சி புக் என்கிற அந்தச் சான்றிதழில் இருப்பதெல்லாம் ஏ பிளஸ், ஏ, பி பிளஸ் என்று எழுத்துகள்தான், ஏனென்றால் 2005இல் இருந்தே இங்கே பத்தாவதுக்கு கிரேடு முறை. கம்பெனியின் கட்டமோ எண்ணைத் தவிர எதையும் வாங்காது. எழுத்தைப் போட்டால் சிவப்பாகிறது, காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது. முக்கால் மணி நேரம் தட்டிய ஃபாரம், போனில் சார்ஜ் நாலு சதவீதம், அவள் முகம் அழுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் இருந்தது.

எனக்கு இது புதிதில்லை. பி.காம். முடித்து ஏழு மாதம் இதே கட்டங்களோடு மல்லுக்கட்டியவன் நான். 143 இடங்களுக்கு அப்ளை செய்தேன். பதில் வந்தது 11. அதில் 5 பேர் வருத்தம் தெரிவித்தார்கள், 3 பேர் பணம் கேட்டார்கள், மீதி 3 இன்டர்வியூ. மற்ற 132 பேர் என்ன ஆனார்கள் என்று இன்றைக்கு வரை தெரியாது, கிணற்றில் போட்ட கல்தான். இப்போது கோவையில் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அங்கே ஆள் எடுக்கும் அக்கா எங்கள் பக்கத்து மேஜை, அதனால் அந்தப் பக்கத்தில் இருந்து இது எப்படித் தெரியும் என்பதையும் பார்த்துவிட்டேன். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று இந்தக் கேரளா-தமிழ்நாடு எல்லைக் கோட்டின் மேல் உட்கார்ந்து வேலை தேடும் பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். எக்செல் ஷீட், போனில் நோட்ஸ் என்று எதுவும் ஆரம்பத்தில் வேண்டாம், நாற்பது பக்க லாங் சைஸ் நோட்டு போதும். முதல் பக்கத்தில் உங்களைப் பற்றி ஃபாரங்கள் கேட்கும் எல்லாவற்றையும் ஒரே ஒரு தடவை சரிபார்த்து எழுதிவிடுங்கள்: எஸ்எஸ்எல்சி புக்கில் உள்ளபடி பெயர், ஆதாரில் உள்ளபடி பெயர், பான் கார்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, ரிஜிஸ்டர் நம்பர்கள், படித்து முடித்த மாதம், வருடம், மதிப்பெண், முகவரி, பின்கோடு. மூன்று இடத்திலும் பெயர் ஒரே மாதிரி இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

பெயர்த் தொல்லை

நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஃபாரத்துக்கு இது புரியவே புரியாது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறார்கள், இரண்டாவது கட்டத்தில் 'கே' என்று ஒரே எழுத்து போட்டால் 'குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்' என்று திட்டுகிறது. பான் கார்டு விண்ணப்பத்திலும் கடைசிப் பெயரில் இனிஷியல் மட்டும் போட விடமாட்டார்கள் என்பதால், அங்கே அப்பா பெயர் முழுசாக ஏறியிருக்கும். எஸ்எஸ்எல்சி புக்கில் இனிஷியல் மட்டும். போதாததற்கு நம் ஊரில் இன்னொரு கூத்து உண்டு. தமிழ்ப் பெயர் மலையாளம் வழியாக இங்கிலீஷுக்குப் போகும்போது முருகேசனில் 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'கே' வந்துவிடும், லட்சுமிக்கு நடுவில் ஒரு 'ஈ' முளைக்கும். பாலக்காட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஸ்பெல்லிங், பொள்ளாச்சியில் எடுத்த பேங்க் அக்கவுண்டில் ஒரு ஸ்பெல்லிங்.

நான் செய்தது: எஸ்எஸ்எல்சி புக் எப்படியோ அப்படியே எல்லா இடத்திலும், ஒரு எழுத்துகூட மாறாமல். கடைசிப் பெயர் கட்டாயம் என்றால் இனிஷியலை விரித்து அப்பா பெயர். தம்பி ஒருவன் முதல் பெயர்க் கட்டத்தில் இனிஷியலைப் போட்டு வைத்திருந்தான், வந்த மெயில் எல்லாம் 'டியர் கே' என்று ஆரம்பித்தது. சிரிப்பாக இருந்தாலும், நாளைக்கு அவனுடைய சான்றிதழ்களை மெஷின் ஒத்துப்பார்க்கும்போது சிரிப்பு வராது. சான்றிதழ்களுக்குள் பெயர் உண்மையிலேயே மாறியிருந்தால் வில்லேஜ் ஆபீஸில் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு சான்றிதழ் தருவார்கள், கேரளா இ-டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்டில் அல்லது அக்ஷயா என்ற அரசு இ-சேவை சென்டரில் போய் விண்ணப்பிக்கலாம். வேலை கிடைத்து ஜாயினிங் தேதி கொடுத்த பிறகு அதற்காக ஓடுவதைவிட இப்போதே வாங்கி வைப்பது நல்லது. நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் ஆதாரையும் பான் கார்டையும் எஸ்எஸ்எல்சி புக்குக்கு ஏற்ற மாதிரி திருத்துங்கள், புக்கைத் திருத்தப் போகாதீர்கள், அது பெரிய சுற்று.

பர்சன்டேஜ் கணக்கு

சித்தி மகள் கதைக்கு வருவோம். கேரளா எஸ்எஸ்எல்சியில் பத்து பேப்பர். ஏ பிளஸுக்கு 9 புள்ளி, ஏ-க்கு 8, பி பிளஸுக்கு 7, பி-க்கு 6, இப்படி ஒவ்வொன்றாக இறங்கும். எல்லாம் ஏ பிளஸ் என்றால் 90. உங்கள் புள்ளிகளைக் கூட்டி 90ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். அவளுக்கு நாலு ஏ பிளஸ், மூன்று ஏ, இரண்டு பி பிளஸ், ஒரு பி. கூட்டினால் 36, 24, 14, 6 சேர்ந்து 80. 90க்கு 80 என்றால் 88.88. அதைத்தான் போட்டோம். ஃபாரத்தில் எங்காவது 'கிரேடை இப்படி மாற்று' என்று அவர்களே சொல்லியிருந்தால் அந்தக் கணக்குதான் செல்லும், நம் கணக்கு இல்லை. எப்படிக் கணக்குப் போட்டோம் என்பதை நோட்டில் அதே வரியில் எழுதி வையுங்கள். இன்டர்வியூவில் புக்கைப் பார்த்துவிட்டு "இந்த 88 எங்கிருந்து வந்தது?" என்று ஒருவர் நிச்சயமாகக் கேட்பார், அப்போது முழிக்கக் கூடாது. 88.88ஐ 90 என்று போட ஆசை வரும். வேண்டாம்.

பிளஸ் டூவில் கேரளாவுக்கு மொத்தம் 1200, தமிழ்நாட்டுக்கு இப்போது 600. கோவைக் கம்பெனிகளின் ஃபாரத்தில் 'மொத்த மதிப்பெண்' என்ற இடத்தில் 600 என்று அவர்களே நிரப்பி வைத்திருப்பதை இரண்டு இடத்தில் பார்த்தேன். 1,010 என்று போட்டால் 'மொத்தத்தைவிட அதிகம்' என்கிறது. அந்த மாதிரி இடத்தில் 600க்குக் கணக்கிட்டுப் போட்டு, குறிப்பு எழுதும் இடம் ஏதாவது இருந்தால் அதில் அசல் எண்ணை எழுதுங்கள். இடமே இல்லையென்றால் எச்.ஆருக்கு ஒரு வரி மெயில். டிகிரிக்கு சிஜிபிஏ இருந்தால் அதைப் பர்சன்டேஜாக மாற்றும் விதி ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒவ்வொன்று, உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியைத் தேடி எடுத்து அதையும் நோட்டில் ஏற்றிவிடுங்கள். 1956இல் மாநிலத்துக்கு மாநிலம் கோடு போட்டவர்கள் இந்த டிராப்டவுன் பட்டியல்களைப் பற்றி யோசித்திருக்க வாய்ப்பில்லை, நாம்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ரெஸ்யூம்: முதலில் படிப்பது ஆள் இல்லை

என் முதல் ரெஸ்யூம் ரொம்ப அழகாக இருக்கும். பக்கத்தை நெடுக்காகப் பிரித்து இரண்டு பத்தி, இடது பக்கம் நீல நிறம், மேலே வட்டத்துக்குள் போட்டோ, தமிழுக்கு ஐந்து ஸ்டார், டேலிக்கு நாலு ஸ்டார். நாலு மாதம் அதைத்தான் அனுப்பினேன். ஒரு நாள் ஒரு வெப்சைட்டில் அதை அப்லோட் செய்ததும் அதுவே கட்டங்களை நிரப்பிக் காட்டியது. பெயர் என்ற இடத்தில் 'திறன்கள்', கல்லூரி என்ற இடத்தில் என் மொபைல் நம்பர், அனுபவம் என்ற இடத்தில் அப்பா பெயர். அப்போதுதான் புரிந்தது, நாலு மாதமாக எல்லாருக்கும் இப்படித்தான் போயிருக்கிறது. பெரிய கம்பெனிகள் வைத்திருக்கும் ஏடிஎஸ் மென்பொருள் ரெஸ்யூமில் இருந்து எழுத்தை உருவி எடுத்துப் பெட்டி பெட்டியாகப் போட்டு வைக்கும், எச்.ஆர். அதில் 'டேலி', 'ஜிஎஸ்டி', 'எக்செல்' என்று தேடுவார். பத்தி பிரித்த ரெஸ்யூம், டேபிள், படம், ஸ்டார் எல்லாம் அந்த உருவலில் குழம்பிப் போகலாம். ஸ்டாரை யாரும் தேடுவதில்லை.

சோதித்துப் பார்ப்பது சுலபம். உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் செலக்ட் செய்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டுங்கள். மேலிருந்து கீழே வரிசையாகப் படிக்க முடிந்தால் சரி. குழம்பிக் கிடந்தால் மெஷினுக்கும் அப்படித்தான் கிடக்கும். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் உங்கள் பிடிஎஃப் வெறும் போட்டோ, டிடிபி கடையில் பிரின்ட் எடுத்து ஸ்கேன் செய்ததாக இருக்கும், அதை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். வெள்ளைத் தாள், நெடுக்காகப் பிரிக்காமல் ஒரே பத்தி, ஒரே பக்கம், சாதாரண எழுத்து. போட்டோ, மதம், அப்பாவின் தொழில், 'மேலே சொன்னதெல்லாம் உண்மை' என்ற உறுதிமொழி, கையெழுத்து எதுவும் வேண்டாம். ஃபைலுக்கு உங்கள் பெயரை வையுங்கள். 'நியூ ஃபைனல் 2' என்று வந்த ரெஸ்யூம்கள் மட்டுமே எங்கள் அக்காவின் மெஷினில் ஒரு டஜன் இருக்கிறது, யாருடையது எது என்று அவருக்கே தெரியாது.

விளம்பரத்தில் இருக்கும் சொல்லையே, உங்களுக்கு அது உண்மையிலேயே தெரிந்தால், அதே மாதிரி எழுதுங்கள். அவர்கள் 'டேலி பிரைம்' என்று எழுதியிருக்க நீங்கள் 'அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்' என்று எழுதினால் தேடும்போது அகப்பட மாட்டீர்கள்.

இப்போது நான் ரொம்ப லேட்டாகக் கண்டுபிடித்த விஷயம். நமக்குத் தமிழ் வீட்டு மொழி, மலையாளம் பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் தானாக வந்தது. இதை ஒரு தகுதி என்றே நான் நினைத்ததில்லை, ரெஸ்யூமில் கடைசி வரியில், பொழுதுபோக்குக்கு மேலே, 'தெரிந்த மொழிகள்' என்று போட்டிருந்தேன். கோவையில் பம்ப், மாவுமில், துணி, நகை, ஆஸ்பத்திரி என்று பாதிப் பேருக்குக் கேரளாவில் வாடிக்கையாளர் இருக்கிறார்கள். திருச்சூரில் இருந்து டீலர் போன் செய்து பில் பாக்கி பற்றி மலையாளத்தில் கத்தும்போது பதில் சொல்ல ஆள் தேடுவார்கள். என்னை எடுத்ததே அதற்காகத்தான், இரண்டாவது இன்டர்வியூவில் மேனேஜர் ஒரு டீலருக்குப் போனைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். அதனால் ரெஸ்யூமின் முதல் இரண்டு வரிக்குள் 'தமிழ், மலையாளம் இரண்டும் சரளமாகப் பேசுவேன், படிப்பேன், எழுதுவேன்' என்று வர வேண்டும். எழுதத் தெரியாது என்றால் பேசுவேன் என்று மட்டும் போடுங்கள். கஞ்சிக்கோடு பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அப்ளை செய்தால் இதையே திருப்பிப் பாருங்கள், அங்கே தமிழ் உங்கள் கூடுதல் தகுதி.

இதோடு சேர்ந்த இன்னொன்று முகவரி. கோவையில் ஆள் தேடுபவர் ஊரை வைத்து வடிகட்டுவார், 678இல் தொடங்கும் பின்கோடும் கேரளா என்ற மாநிலமும் உங்களை அந்த வலையிலேயே விழவிடாது. அதற்காகக் கோவையில் இருக்கும் மாமா வீட்டு முகவரியைப் போடாதீர்கள், ஆதார் பார்க்கும்போது அசிங்கமாகும். இருக்கும் ஊர் பாலக்காடு, விரும்பும் ஊர் கோவை என்று இரண்டு கட்டத்தையும் நிரப்பி, தலைப்பு வரியிலேயே 'கோவைக்குத் தினமும் வந்துபோக முடியும்' என்று எழுதுங்கள். இங்கிருந்து கோவை உக்கடம் பஸ் ஸ்டாண்ட் எவ்வளவு தூரம் என்று பெங்களூரில் உட்கார்ந்து ஆள் எடுப்பவருக்குத் தெரியாது.

விளம்பரத்தைப் படிப்பது

ஃப்ரெஷர் வேலை என்று தலைப்பு, கீழே இரண்டு வருட அனுபவம் தேவை. இதைப் பார்த்து எத்தனை தடவை போனைக் கட்டிலில் வீசியிருக்கிறேன் என்று சொல்ல முடியாது. எங்கள் அக்காவிடம் கேட்டேன். பாதி நேரம் பழைய விளம்பரத்தை அப்படியே காப்பி செய்து போடுவார்களாம், அவரே செய்திருக்கிறாராம். ஆகவே ஒரு வருடம், இரண்டு வருடம் என்று கேட்டால் மற்ற தகுதிகள் இருந்தால் தாராளமாக அப்ளை செய்யுங்கள், நாலு வருடம் ஐந்து வருடம் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் 'உங்களுக்கு இரண்டு வருட அனுபவம் உண்டா, ஆம் அல்லது இல்லை' என்று தனியாக ஒரு கேள்வி வந்தால் அது வடிகட்டி, இல்லை என்று சொன்னால் அங்கேயே வெளியே தள்ளிவிடக்கூடும். பொய்யாக ஆம் போட்டு உள்ளே போய் என்ன செய்யப் போகிறீர்கள்? அடுத்ததற்குப் போங்கள். ஆடிட்டர் ஆபீஸில் மூன்று மாதம் பில் என்ட்ரி போட்டது, அப்பாவின் கள்ளு ஷாப் கணக்கை எழுதியது, கூட்டுறவுச் சங்கத்தில் லீவுக்கு உதவியது எல்லாம் அனுபவம்தான், மாதக் கணக்கோடு எழுதுங்கள்.

தேதியைப் பாருங்கள். முப்பது நாளுக்கு முன்னால் போட்ட விளம்பரம் பெரும்பாலும் செத்த விளம்பரம். நௌக்ரி, இண்டீட், லிங்க்ட்இன் எல்லாவற்றிலும் கடைசி 24 மணி நேரம், கடைசி ஒரு வாரம் என்று வடிகட்டும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டுத் தேடுங்கள். நௌக்ரியில் ஆள் தேடுபவர்கள் சமீபத்தில் ப்ரொஃபைலைத் தொட்டவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்க முடியும் என்பதால் வாரம் ஒரு முறையாவது உள்ளே போய் ஒரு வரியையாவது திருத்திச் சேமியுங்கள். ஒரே விளம்பரம் கம்பெனியின் சொந்த வெப்சைட்டிலும் இருந்தால் அங்கேயே அப்ளை செய்வது மேல். ஒரே தட்டில் அப்ளை ஆகும் பட்டன் உங்களுக்குச் சுலபம் என்றால் ஊரில் எல்லாருக்கும் சுலபம்தான், அந்தக் குவியலில் நீங்கள் இருநூறாவது ஆள்.

ஃபாரம் நிரப்பும்போது சில சின்ன விஷயங்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரெஸ்யூமை அப்லோட் செய்த பிறகும் அதே விவரத்தை முதலில் இருந்து தட்டச் சொல்வார்கள், எரிச்சலாகத்தான் இருக்கும், நோட்டைப் பார்த்துத் தட்டிவிடுங்கள். நீளமான பதில்களை வேறு இடத்தில் எழுதி அங்கே ஒட்டுங்கள், பாதியில் லாக்அவுட் ஆகும். இப்போதைய சம்பளம் என்ற இடத்தில் 0, நோட்டீஸ் பீரியட் என்ற இடத்தில் உடனே சேர முடியும். இப்போதைய கம்பெனி கட்டாயம் என்றால் 'ஃப்ரெஷர்'. பாஸ்வேர்டை நோட்டில் எழுதுங்கள், ஆனால் நோட்டை பஸ்ஸில் விட்டுவிடாதீர்கள். வங்கித் தேர்வுகளுக்கு ஐபிபிஎஸ் போட்டோவை 20 முதல் 50 கேபிக்குள்ளும் கையெழுத்தை 10 முதல் 20 கேபிக்குள்ளும் கேட்கும், அந்த அளவில் ஒரு தடவை செய்து போனில் தனி ஃபோல்டரில் வைத்தால் கடைசி நாள் ராத்திரி அக்ஷயா சென்டர் வாசலில் நிற்க வேண்டாம். தமிழ்நாட்டு அரசு வேலைக்குப் போடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், கேரளச் சாதிச் சான்றிதழை வைத்து அங்கே இட ஒதுக்கீடு கிடைக்காது, பொதுப் பிரிவில்தான் வைப்பார்கள்.

மெயிலைத் தினமும் பாருங்கள், ஸ்பேமையும் சேர்த்து. எனக்கு வந்த முதல் இன்டர்வியூ மெயில் ஸ்பேமில் கிடந்தது. புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், நான் பார்த்தது சனிக்கிழமை.

சம்பளக் கட்டம்

எதிர்பார்க்கும் சிடிசி எவ்வளவு என்று கேட்கும்போது கையில் வாங்க நினைக்கும் தொகையைப் போட்டுவிடாதீர்கள், நான் போட்டேன். சிடிசி என்பது கம்பெனி உங்களுக்காகச் செலவழிக்கும் மொத்தம். மாதம் 15,000 சிடிசி, அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வையுங்கள். கம்பெனி கட்டும் பிஎஃப் என்ற சேமநிதி 12 சதவீதம், அதாவது 1,440, அதற்குள்ளேயே அடக்கம். கம்பெனி கட்டும் இஎஸ்ஐ என்ற மருத்துவக் காப்பீடு 3.25 சதவீதமும் அதற்குள்ளே. பிறகு உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 1,440, இஎஸ்ஐ 0.75 சதவீதம். எல்லாம் போய்க் கைக்கு வருவது சுமார் 11,600. அதில் பஸ் காசு, மதியச் சாப்பாடு. பிஎஃப் உங்கள் பணம்தான், எங்கும் போகாது, ஆனால் மாசாமாசம் வீட்டில் கொடுக்க உதவாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் எண்ணைத் தட்டுங்கள். கட்டத்தில் மாதமா வருடமா என்று பாருங்கள், வருடத்துக்கு 15,000 கேட்டு அப்ளை செய்தவர்களை அக்கா சிரித்துக்கொண்டே காட்டுவார்.

அனுபவம் இல்லாமல் அனுபவம்

இந்த முட்டுச்சந்தில் இருந்து வெளியே வர ஒரு நல்ல வழி அப்ரென்டிஸ், அதாவது கம்பெனியில் உதவித்தொகையோடு வேலை பழகுவது, நம் பக்கம் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை, ஐடிஐ படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். பி.காம்., பி.எஸ்சி., பி.ஏ. முடித்தவர்களும் போகலாம். 1961ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குறிப்பிட்ட சதவீதம் அப்ரென்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும், அதனால் அவர்களுக்கும் ஆள் தேவை. டிகிரி, டிப்ளமோ முடித்தவர்கள் மத்திய கல்வித் துறையின் நாட்ஸ் போர்ட்டலில் பதிவு செய்யலாம், தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. பாஸ் செய்து ரொம்ப வருடம் ஆவதற்குள் போடுங்கள். உதவித்தொகை குறைவுதான், ஆனால் ஒரு வருடம் முடித்து வரும் சான்றிதழை வைத்துக்கொண்டு அந்த 'அனுபவம் உண்டா' கேள்விக்கு நிம்மதியாக ஆம் போடலாம்.

வேலை தேடுவதற்கான மத்திய அரசின் என்சிஎஸ் போர்ட்டல் 2015இல் இருந்து இருக்கிறது, தமிழ்நாடு அரசுக்குத் தனியார் வேலைக்கென்று தனி இணையதளம் உண்டு, இரண்டும் இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம்களுக்குப் போனால் ஒரே நாளில் பத்து கம்பெனி ஆட்களை முகத்தைப் பார்த்துப் பேசலாம். ஃபாரத்தில் கேட்க முடியாததையெல்லாம் அங்கே கேட்கலாம்.

காசு கேட்டால்

பதிவுக் கட்டணம் 500, யூனிஃபார்ம் 1,800, லேப்டாப் டெபாசிட் 5,000, திரும்பக் கொடுத்துவிடுவோம். எந்த வடிவத்தில் கேட்டாலும் அது வேலை இல்லை. கோவை, நெடும்பாசேரி ஏர்போர்ட்டில் கிரவுண்ட் ஸ்டாஃப் என்று வரும் வாட்ஸப் செய்திகளில் பாதிக்கு மேல் இந்த ரகம். என்னிடம் கேட்ட மூன்று பேரில் ஒருத்தி அவ்வளவு அன்பாகப் பேசினாள், ஆஃபர் லெட்டரில் முத்திரையெல்லாம் இருந்தது. 1,200 ரூபாய் அனுப்பினேன், அதற்குப் பிறகு அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப். அந்தக் காசு அம்மா கடலை பறிக்கப் போய்க் கொண்டுவந்தது என்பதால் இன்றைக்கு எழுதும்போதும் வயிறு எரிகிறது. யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று டெலிகிராமில் வருவதும் அதே குட்டையில் ஊறிய மட்டைதான், முதலில் 150 ரூபாய் தருவார்கள், அப்புறம் உங்களைப் போடச் சொல்வார்கள்.

சந்தேகம் வந்தால் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். ஜிஎஸ்டி வெப்சைட்டில் அதைப் போட்டால் யார் பெயரில், எந்த ஊரில் பதிவு என்று வரும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாடு 33, கேரளா 32. கோவையில் மட்டும்தான் கம்பெனி என்கிறார், எண் 07இல் தொடங்குகிறது என்றால் அது டெல்லி, ஏன் என்று கேளுங்கள். மெயில் கம்பெனி பெயரில் வராமல் ஜிமெயிலில் வந்தால் கம்பெனியின் லேண்ட்லைனுக்கு நீங்களே போன் போடுங்கள், அவர்கள் கொடுத்த நம்பருக்கு வேண்டாம். காசு போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு வாய்ப்பு அந்தப் பணத்தை நடுவழியில் நிறுத்த. நான் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை.

அனுப்பிய பிறகு

நோட்டின் இரண்டாவது பக்கத்தில் இருந்து ஒரு கம்பெனிக்கு ஒரு வரி: தேதி, கம்பெனி, என்ன வேலை, எந்த ரெஸ்யூம், யாருக்கு, என்ன சம்பளம் போட்டேன். ஏழு நாள் ஆனதும் ஒரே ஒரு மெயில் அல்லது போன். "இன்ன தேதியில் அப்ளை செய்தேன், கோவைக்கு எப்போது வேண்டுமானாலும் வர முடியும்" என்று சொன்னால் போதும், கெஞ்ச வேண்டாம். சின்ன கம்பெனி, பக்கத்தில் இருக்கிறது என்றால் ரெஸ்யூமை எடுத்துக்கொண்டு நேரிலேயே போங்கள். எனக்கு இப்போதைய வேலை அப்படித்தான் வந்தது. ஆன்லைனில் போட்டு இருபது நாள் சத்தமில்லை, உக்கடத்துக்கு வேறு வேலையாகப் போனவன் அப்படியே பஸ் மாறிப் போய் செக்யூரிட்டி அண்ணனிடம் கவரைக் கொடுத்தேன். அவர் பட்டஞ்சேரிக்காரர், மலையாளத்தில் ஊரை விசாரித்துவிட்டு உள்ளே கொண்டுபோனார். அக்கா கணினியில் தேடிப் பார்த்தபோது நான் அங்கே இல்லவே இல்லை, பழைய நீல ரெஸ்யூமில் 'திறன்கள்' என்ற பெயரில் இருந்தேன்.

முப்பது நாள் ஆகியும் பதில் இல்லையென்றால் அந்த வரியின் மேல் ஒரு கோடு. ஒரு நாளைக்கு நாலு, ஐந்துக்கு மேல் அப்ளை செய்யாதீர்கள், அதற்கு மேல் போனால் கை தட்டும், கண் படிக்காது. நான் ஒரே ராத்திரியில் 22 போட்டிருக்கிறேன், அதில் மூன்று கம்பெனிக்கு வேறு கம்பெனியின் பெயரைப் போட்டுக் கடிதம் போயிருக்கிறது.

சித்தி மகளின் நோட்டில் இப்போது 31 வரி, ஒன்பதின் மேல் கோடு விழுந்துவிட்டது. நாலாவது வரியில் இருந்து நேற்று போன் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணி, மலுமிச்சம்பட்டி. உக்கடத்தில் இறங்கிப் பொள்ளாச்சி பஸ் மாற வேண்டும், அதனால் ஏழு மணிக்கே இங்கே பஸ் ஏறிவிடச் சொல்லியிருக்கிறேன். கணவாய்க் காற்றும் சாரலும் ஆரம்பித்துவிட்டதால் ஒரிஜினல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டாயிற்று. 80ஐ 90ஆல் வகுத்த தாளும் உள்ளே இருக்கிறது.